வெற்றிலை அடக்கும் பக்கம்

முதல் நாள் காலை நாங்கள் தோட்டத்து மண்டபத்துக்குள் நுழைந்தபோது ஒரு வெற்றிலைத் தட்டு காத்திருந்தது.

அந்த ரப்பர் தோட்டம் லாபு சாலையிலிருந்து செம்மண் பாதையில் நான்கு மைல் உள்ளே இருந்தது. 1987, ஜூன் மாதம். நாங்கள் என்றால் இரண்டு பேர்தான். பல் டாக்டர் வைரவன், சிரம்பான் செட்டியார் குடும்பத்துப் பிள்ளை. நான் விலங்கியல் பட்டம் வாங்கி எட்டு மாதம் வீட்டில் இருந்துவிட்டு, அவருடைய ஆய்வுக்கு உதவியாளராகச் சேர்ந்தவள். ஆறு கேள்விகள் கேட்டுப் பதில்களைத் தாளில் குறிப்பது என் வேலை. அதன் பிறகு டாக்டர் ஒவ்வொருவர் வாயையும் பார்ப்பார். அவர் சொல்வதை அதே தாளில் அச்சிட்டிருந்த வாய்ப்படத்தில் பெருக்கல் குறியாகப் போடுவேன்.

தோட்டத்துப் பெண்களுக்கு வாய்ப்புற்று அதிகம் வந்துகொண்டிருந்தது. வெற்றிலையோடு புகையிலையும் சுண்ணாம்பும் சேர்த்துக் கன்னத்தில் மணிக்கணக்காக அடக்கிக்கொள்வார்கள். அந்த இடத்தில் முதலில் ஒரு வெள்ளைத் தடிப்போ சிவப்புத் தடமோ வரும். பெரிதாக வலிக்காது. காரம் பட்டால் எரியும், அவ்வளவுதான். அப்போதே கண்டுபிடித்தால் சின்ன அறுவையோடு போய்விடும். ஆனால் தாடை வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள்.

மாநிலத்தில் தோட்டங்கள் நிறைய. இந்த வேலைக்குக் கிடைத்த டாக்டர் ஒருவர். எல்லா வாயையும் அவரே பார்ப்பதா, கேள்வி கேட்டுச் சந்தேகமானவர்களை மட்டும் அவரிடம் அனுப்புவதா, எந்த வழியில் குறைந்த செலவில் அதிகம் பேரைக் காப்பாற்றலாம் என்பதுதான் ஆய்வு.

தட்டை ஏந்தி நின்றவர் தாயம்மா. பால்மரம் வெட்டுகிறவர், நாற்பது வயதிருக்கும். தட்டை அடுக்கி அவர் கையில் கொடுத்தவர் பக்கத்து நிரைக்காரர், அதாவது அவருக்கு அடுத்த மரவரிசையை வெட்டுகிறவர், பஞ்சாலை என்பவர்.

"எடுத்துக்குங்க டாக்டர். மொத மொத எங்க தோட்டத்துக்கு வந்திருக்கீங்க," என்றார் பஞ்சாலை.

டாக்டர் தட்டைப் பார்த்தார். வைத்த தட்டை மறுத்துப் பழக்கமில்லாத வீட்டில் வளர்ந்தவர். ஒரு வெற்றிலையும் துண்டுப் பாக்கும் எடுத்துக்கொண்டார். அவர் எடுத்ததும் தட்டு வரிசையில் நகர்ந்தது. நான் மேசையைத் துடைத்துத் தாள்களை அடுக்கி முடிப்பதற்குள் வரிசையில் நின்ற எல்லாரும் மெல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

தாயம்மா முதல் ஆளாக நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தார். உதட்டிலிருந்து தொண்டை வரைக்கும் ஒரே சிவப்பு.

டாக்டர் டார்ச்சை அணைத்தார். "கொப்புளிச்சுட்டு வாங்கம்மா."

கொப்புளித்தார்கள். சிலர் மூன்று தடவை கொப்புளித்தார்கள். சிவப்பு கொஞ்சம் வெளுத்தது, போகவில்லை. பன்னிரண்டு பேரை அப்படியே பார்த்துவிட்டு டாக்டர் நிறுத்திக்கொண்டார். நாளையிலிருந்து வருகிறவர்கள் முந்தின நாள் சாயங்காலத்துக்குப் பிறகு வெற்றிலை போடக் கூடாது என்று தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரெசர் தங்கராஜு அறிவித்தார்.

"ராத்திரி முழுக்கவா?" என்றது வரிசையில் ஒரு குரல். "அதுக்குப் பல்லப் புடுங்கிட்டுப் போகச் சொல்லு, டிரெசர்."

பன்னிரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை என்று பச்சைச் சீட்டு கொடுத்தோம். தாயம்மா சீட்டை எல்லாருக்கும் காட்டிவிட்டு மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த இரண்டு நாளும் ஒழுங்காக நடந்தது. மூன்றாம் நாள் மத்தியானத்துக்குள் நூற்று முப்பத்தொரு பெண்களைப் பார்த்து முடித்தோம். அவர்களில் ஒன்பது பேரைச் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப டாக்டர் எழுதினார்.

நான் அந்த ஒன்பது தாள்களையும் எடுத்துக்கொண்டு ஆயாக்கொட்டகைப் படியில் உட்கார்ந்தேன். வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தன. தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஆறு கேள்விகளுக்கும் ஒன்பது பேரும் 'இல்லை' என்றே சொல்லியிருந்தார்கள். என் கேள்விகளை மட்டும் நம்பியிருந்தால் ஒருவரைக்கூடக் கண்டுபிடித்திருக்க மாட்டோம்.

பஞ்சாலை ஒரு குவளையில் பால் சேர்க்காத கோப்பி ஓ கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். தோட்டத்தில் என்னை நர்ஸ் என்று நினைத்து மிஸ்ஸி என்றுதான் கூப்பிட்டார்கள்.

"என்னா மிஸ்ஸி, மூஞ்சி இப்படி இருக்கு?"

"நான் கேட்ட கேள்வி எதுவும் பிரயோசனம் இல்லக்கா."

"என்னா கேட்ட? எனக்கு மறந்துபோச்சு."

தாளைப் பார்த்துப் படித்தேன். "வாயில ரெண்டு வாரத்துக்கு மேல ஆறாத புண் இருக்கா?"

"இருக்குன்னு சொன்னா என்னா செய்வீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம்."

"அப்ப எவ சொல்லுவா? சிரம்பானுக்குப் போயி சீட்டெடுக்க ஒரு நாளு. நாளைக்கு வாம்பான், அது ஒரு நாளு. இங்க காலையில பேரு கூப்புடுற பெரட்டுல ஆள் இல்லேன்னா மண்டோர் வாயில என்னென்ன வரும் தெரியுமா?" அவர் படியில் உட்கார்ந்தார். "அதோட, அவளுக்கே தெரியாது லா. அது புண்ணுன்னு எவ நெனக்கிறா? எரிஞ்சா இந்தப் பக்கத்த விட்டுட்டு அந்தப் பக்கம் அடக்கிக்குவா. அம்புட்டுதான்."

நான் நிமிர்ந்தேன். "அந்தப் பக்கமா?"

"பின்ன? ஒவ்வொருத்திக்கும் ஒரு பக்கம் இருக்குல்ல. வெத்தல போட ஆரம்பிச்ச நாள்லேருந்து அதே பக்கந்தான். சும்மா மாத்த மாட்டா."

"யார் மாத்தினாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மழை பெய்வது எப்படித் தெரியும் என்று கேட்டவளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

"மொகத்தப் பாக்காமயா பேசுவோம்?"

நான் மூன்று நாளாக நூற்று முப்பத்தொரு பேரிடம் தாளைப் பார்த்தே பேசியிருந்தேன்.

பஞ்சாலை விரல் விட்டுச் சொல்ல ஆரம்பித்தார். வெட்டுக்காட்டில் அவர்களுடைய நிரைகள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அந்த வரிசையில் பெயர்கள் வந்தன.

"எனக்கு அந்தாண்ட மயிலம்மா. எடது. மாத்தல. அவளுக்கு அடுத்தது ராக்கம்மா. வலது, ஆனா தீவாளிக்கு முன்னயே எடதுக்குப் போயிட்டா."

மடியிலிருந்த தாள்களில் ராக்கம்மாவின் தாளைத் தேடினேன். வாய்ப்படத்தில் வலது கன்னத்தில் பெருக்கல் குறி இருந்தது.

"அப்புறம் மங்கம்மா. அவ எடது. ரெண்டு வருசமா வலதுலதான் அடக்குறா."

மங்கம்மாவின் தாள். இடது கன்னத்தில் குறி.

அவர் சொல்லச் சொல்ல நான் தாள்களைத் திருப்பினேன். மாற்றவில்லை என்று அவர் சொன்ன யாருடைய தாளும் என் மடியில் இல்லை. மாற்றியதாக அவர் சொன்னவர்களின் தாள்கள் இருந்தன. விட்டுவந்த பக்கத்தில்தான் குறியும் இருந்தது. டாக்டர் டார்ச்சும் கண்ணாடியும் வைத்துக் கண்டதை, இவர் படியில் உட்கார்ந்து வெயிலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கோப்பி ஆறிப்போனது.

"இந்தாண்ட தாயம்மா," என்றார். "வலது. தைப்பூசத்துக்கு அப்புறம் எடது."

தாயம்மாவின் தாள் என் மடியில் இல்லை. அது பையில், சந்தேகமில்லாதவர்களின் கட்டில் இருந்தது.

"அவங்களுக்குப் பச்சைச் சீட்டு கொடுத்தோமே," என்றேன்.

"ஆமா, ஊரெல்லாம் காட்டுனாளே." பஞ்சாலையின் விரல் மடங்கிய இடத்திலேயே நின்றது. "மொத நாளு இல்ல அவளப் பாத்தது," என்றார். பிறகு, "நான்தானே தட்டு வச்சேன்."

மறுநாள் காலை நாங்கள் அடுத்த தோட்டத்துக்கு, லிங்கிக்குப் போகிறோம். திரும்ப இந்தத் தோட்டத்துக்கு வர இரண்டு வருஷமாகும். இன்றைக்குக் கன்னத்தில் ஒரு தடமாக இருப்பது இரண்டு வருஷத்தில் என்னவாக இருக்கும் என்று நான் படங்களில் பார்த்திருக்கிறேன். அதைப் பஞ்சாலையிடம் சொல்லவில்லை.

ஒருவர் சொல்வதை மட்டும் நம்பக் கூடாது என்று படித்தவள் நான். ஒரு வெற்றுத்தாளை எடுத்துக்கொண்டு, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துக்கு நடந்தேன். வேலை முடிந்து பெண்கள் துணி துவைத்துக்கொண்டும் பேன் பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். ஒரு வீட்டு வாசலில் நின்று, "ராக்கம்மாக்கா எந்தப் பக்கம் வெத்தலை அடக்குவாங்க?" என்று கேட்டேன். தலையைத் தூக்காமலே பதில் வந்தது. "மின்ன வலது, இப்ப எடது." அடுத்த லயத்தில் வேறொருவரிடம் அதையே கேட்டேன். அதே பதில்.

பெயர்ப் பட்டியலில் இருந்த எல்லாரைப் பற்றியும் கேட்டேன். ஒவ்வொரு பெயருக்கும் குறைந்தது இரண்டு வீடு. யாரும் யோசிக்கவில்லை. ஒருத்தரும் தெரியாது என்று சொல்லவில்லை. மாமியாரின் பக்கத்தை மருமகள் சொன்னார். நான்கு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து வீட்டுக்காரரின் பக்கத்தை முத்தாயி என்பவர் சொன்னார். "மாத்தல. அதெல்லாம் நல்லாத்தான் இருக்கா, எமன்கூட வர மாட்டான்."

கல்லூரியில் பூச்சி இனங்களைப் பிரித்தறிய எங்களுக்கு ஓர் அட்டவணை தருவார்கள். இறக்கையின் நரம்பு இப்படியிருந்தால் இது, அப்படியிருந்தால் அது. யாரோ வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து எழுதியது. அந்தச் சாயங்காலம் இரண்டு வரிசை லயத்துக்கு நடுவில் நின்றபோது, எழுதப்படாத அப்படி ஓர் அட்டவணைக்குள் நிற்கிறேன் என்று தோன்றியது. நூற்று முப்பத்தொரு கன்னங்கள். அவற்றைக் காக்க வேண்டும் என்று நினைத்து யாரும் கவனித்ததில்லை. பேசும்போது முகத்தைப் பார்த்தார்கள், அதனால் தெரிந்திருந்தது.

தாளை இரண்டு பத்தியாகக் கோடு போட்டு எழுதினேன். டாக்டர் கண்டுபிடித்த ஒன்பது பேரில் எட்டுப் பேர் பக்கம் மாற்றியவர்கள். அவர் கண்டுபிடிக்காதவர்களில் மாற்றியவர்கள் மூன்று பேர். அந்த மூவரில் இருவர் பல் ஆடுவதால் மாற்றியவர்கள். அதையும் பக்கத்து வீட்டில்தான் சொன்னார்கள். மீதி ஒருவர் தாயம்மா.

அவர் பொதுக் குழாயடியில் பால் வாளியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அடக்கிய வெற்றிலையால் இடது கன்னம் உப்பியிருந்தது. இப்போதுதான் அதைப் பார்த்தேன்.

"அக்கா, நீங்க பக்கம் மாத்தினீங்களா?"

"யாரு சொன்னா, அந்தப் பஞ்சாலையா?" வாளியைக் கவிழ்த்தார். "அவளுக்கு வேற வேல இல்ல. டாக்டர் பாத்துட்டாரு, சீட்டு குடுத்துட்டாரு. அப்புறம் என்னா?"

"எரியுதா?"

வாளியை மறுபடி தேய்த்தார். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

"ஒறப்பு பட்டா," என்றார் மெதுவாக. "ரசம் ஊத்திக்கிறது இல்ல இப்ப." ரவிக்கைக்குள்ளிருந்து பச்சைச் சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துக்கொண்டார். "படிச்சவரு பாத்துச் சொன்னது, மிஸ்ஸி. நான் அதப் புடிச்சிக்கிட்டு நிம்மதியா இருக்கேன். நீ ஏன் கெளப்புற?"

டாக்டர் டிரெசரின் அறையில் கண்ணாடிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் கதவருகில் கொஞ்ச நேரம் நின்றேன். மூன்று வாரமாக அவரிடம் 'சரி டாக்டர்', 'முடிந்தது டாக்டர்' என்பதற்கு மேல் நான் பேசியதில்லை.

"டாக்டர், முதல் நாள் பார்த்த பன்னிரண்டு பேரை மறுபடி பார்க்கணும்."

அவர் நிமிர்ந்தார். "ஏன்?"

சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"நீலாவதி, ஒரு வாய் ஒரு தடவைதான். அது நாம போட்ட விதி. லயத்துல சொன்னாங்கன்னு ஒருத்தியை மட்டும் மறுபடி பார்த்தா, அப்புறம் இந்த ஆய்வுல எந்த எண்ணை நம்புவாங்க?"

"ஒருத்தியை மட்டும் கேட்கல, டாக்டர். பன்னிரண்டு பேரையும். அவங்க வாய் மட்டும்தான் அன்னைக்குச் சிவப்பா இருந்தது. மத்தவங்களைப் பார்த்த மாதிரி அவங்களைப் பார்க்கல. அதனால இப்பவே அந்த எண் சரியில்லை."

இரண்டு பத்தித் தாளை அவர் முன் வைத்தேன். நின்றபடியே படித்தார். அவர் விரல் ஒரு பெயரிலிருந்து அடுத்த பெயருக்கு மெதுவாக இறங்கியது. கடைசி வரிக்கு வந்து, மேலே போய், மறுபடி இறங்கியது.

"இதை யார் சொன்னது?"

"எல்லாரும்."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"எல்லாரைப் பத்தியும் எல்லாருக்கும் தெரியும் டாக்டர்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியே யாரோ கோழியைக் கூட்டில் அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"சிவப்புத் தடமா இருந்தா, சிவப்பு வாயில எனக்குத் தெரிஞ்சிருக்காது," என்றார். "தட்டுல முதல் வெத்தலையை எடுத்தது நான். நான் எடுக்காம அவங்க யாரும் எடுத்திருக்க மாட்டாங்க." பெட்டியைத் திறந்து கண்ணாடிகளைத் திரும்ப வெளியே வைத்தார். "காலையில எங்கே இருப்பாங்க?"

"வெட்டுக்காட்டுல. ஒன்பதரைக்குப் பசியாற உட்காருவாங்களாம்."

"லிங்கிக்கு மத்தியானம் வர்றோம்னு தங்கராஜுவைப் போன் பண்ணச் சொல்லுங்க."

மறுநாள் ஒன்பதரைக்கு நாங்கள் ரப்பர் மரங்களுக்குள் நடந்தோம். வெட்டு முடிந்து பால் இறங்கிக்கொண்டிருந்தது. எல்லா மரத்திலும் பால் பிடிக்கும் மங்குகள். கூர்ந்து கேட்டால் சொட்டும் ஓசை ஒன்றல்ல, நூற்றுக்கணக்கு. டாக்டர் சம்மதித்ததும் நான் போய்ப் பஞ்சாலையிடம் சொல்லியிருந்தேன். பன்னிரண்டு பெண்களும் ஓரிடத்தில் கூடி வேர்களின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டு பேருடைய வெற்றிலைச் சுருக்குப்பைகளும் பஞ்சாலையின் இடுப்பில் தொங்கின.

"நேத்துச் சாயங்காலமே புடுங்கி வச்சிட்டேன் டாக்டர்," என்றார். "என்னுதும் இதுலதான் இருக்கு. தலை வலிக்குது."

"பேய் மாதிரி வந்து நின்னா டாக்டர், குடுக்காம என்னா செய்ய," என்றார் மயிலம்மா.

டாக்டர் காலில் பளபளப்பான சப்பாத்தோடு சருகில் முட்டி போட்டார். தாயம்மா யார் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. உட்கார்ந்திருந்த வரிசைப்படியே பார்த்துக்கொண்டு வந்தார். கொசு அவர் கழுத்தில் உட்கார்ந்து எழுந்தது. இரவெல்லாம் வெற்றிலை படாத வாய்கள் வெளிர்ச் சிவப்பாக இருந்தன. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் குறித்தேன்.

ஏழாவதாகத் தாயம்மா. இடது பக்கம் பார்த்தார். நாக்கைத் தூக்கச் சொன்னார். வலது பக்கம் பார்த்தார். நகரப்போனவர் நின்று, கண்ணாடியால் கன்னத்தை இன்னும் கொஞ்சம் விலக்கினார்.

"நீலாவதி, டார்ச்சைப் பிடிங்க."

குனிந்து பிடித்தேன். கடைசிப் பல்லுக்குப் பின்னால், கன்னமும் ஈறும் சேரும் மடிப்பில், துவரம்பருப்பு அளவில் ஒரு தடம். சுற்றியிருந்த சதையைவிடக் கொஞ்சம் கூடுதலான சிவப்பு. வெல்வெட் துணியில் வெட்டி ஒட்டியது போல இருந்தது. வெற்றிலைச் சாறு இருந்திருந்தால் யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. பஞ்சாலை அதைப் பார்த்ததே இல்லை. ஆனால் ஐந்து மாதமாக அது அங்கே இருப்பது அவருக்குத் தெரியும்.

பால் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னா டாக்டர்?" என்றார் பஞ்சாலை.

டாக்டர் தாயம்மாவைப் பார்த்துப் பதில் சொன்னார். "சின்னதா ஒண்ணு இருக்கும்மா. அன்னைக்கு நான் பார்க்கத் தவறிட்டேன். எடுத்துச் சோதிச்சுப் பார்க்கணும். இப்பவே எங்க வேன்ல சிரம்பானுக்கு வாங்க, நானே வந்து சேர்த்துவிடுறேன்."

தாயம்மா வாயை மூட மறந்து உட்கார்ந்திருந்தார். பிறகு மரங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"பால் எடுக்கணுமே."

"ஒன் பால நான் எடுத்து ஒன் பேருல ஊத்துறேன். நீ கெளம்புடி," என்றார் பஞ்சாலை.

"ஒன் நெரையவே நீ ஒழுங்கா எடுக்க மாட்ட."

"வந்து எண்ணிப் பாத்துக்க. மங்குல ஒரு சொட்டு மிச்சம் இருந்தா கேளு."

பெண்கள் சிரித்தார்கள். பஞ்சாலை சிரிக்கவில்லை. தாயம்மாவின் வாளியை எடுத்துத் தன் வாளிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். தாயம்மா எழுந்து, ரவிக்கைக்குள்ளிருந்து பச்சைச் சீட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். வியர்வையில் நனைந்து துணி போல ஆகியிருந்தது.

அன்றைக்கு மத்தியானம் லிங்கியில் ஏழாவது கேள்வியைத் தாள்களின் அடியில் கையால் எழுதினேன். உங்களைப் பற்றி என்று இல்லாமல், உங்கள் பக்கத்து நிரைக்காரர் பக்கம் மாற்றினாரா என்று இருந்தது அந்தக் கேள்வி. முதலில் வந்தவரிடம் தலையை நிமிர்த்திக் கேட்டேன். தன் நிரைக்கு இரண்டு பக்கத்திலும் இருந்த எல்லாரையும் மூச்சு விடாமல் சொன்னார். இங்கேயும் தெரிந்திருந்தது. எத்தனை தோட்டங்களில் இப்படித் தெரிந்துவைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே அடுத்த தாளை எடுத்தேன்.

ஐந்து வாரம் கழித்துச் சிரம்பான் ஆஸ்பத்திரி வார்டில் தாயம்மாவைப் பார்த்தேன். சோதனையில் அது புற்று என்று வந்திருந்தது. கன்னத்துக்குள் மட்டும் அறுத்து எடுத்துவிட்டார்கள். தாடையைத் தொட வேண்டியிருக்கவில்லை. வேறெங்கும் பரவவில்லை என்றார் டாக்டர் வைரவன். அதை என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

பஞ்சாலை கட்டிலோரத்தில் உட்கார்ந்து பப்பாளியை மசித்துக்கொண்டிருந்தார்.

"தோட்டத்துல இப்ப ஒருத்தியும் நிம்மதியா வெத்தல போட முடியல மிஸ்ஸி. எல்லாரும் எல்லா மூஞ்சியையும் பாத்துக்கிட்டே இருக்காளுங்க. போன வாரம் முத்தாயி பக்கம் மாத்திட்டா. அந்தப் பேச்சுவார்த்த இல்லாத வீட்டுக்காரி இருக்கா பாரு, அவளே கையப் புடிச்சி டிரெசர்கிட்ட இழுத்துட்டுப் போயிட்டா. கடைசில பாத்தா சொத்தப் பல்லு."

தாயம்மாவால் இன்னும் சரியாகப் பேச முடியவில்லை. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"வலிக்குதாக்கா?"

கையில் தாள் எதுவும் இல்லை. அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தேன். முதலில் இடது கன்னம் சிரித்தது. கொஞ்சம் பொறுத்து, மெதுவாக, வலது கன்னமும்.